கண் போய்ச் சேரும் முன்

மார்ச் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தனித்திறன் வகுப்புக்கான தேர்வு பள்ளியின் முதல் மாடியில் தொடங்கியது. குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். பெற்றோர் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள், மகளை உள்ளே அனுப்பிவிட்டு அவளும்.

பிள்ளையைத் தேர்வுக்குப் பழக்கவே இல்லை என்றுதான் பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் எல்லோரும் எழுதுகிறார்கள், அப்புறம் எதற்கு எல்லாக் குழந்தைகளின் கையிலும் ஒரே மாதிரி முக்கோணப் பென்சில், தன் மகள் கையிலும் அதுதான், குழுவில் யாரோ படம் போட்டதும் ஓடிப்போய் வாங்கியிருந்தாள்... பெற்றோர் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை என்பதால் அவள் அங்கே ‘வெள்ளெழுத்து’. எதை எழுதினாலும் மல்லுக்கு வருவது ‘நீலக்குடை’. போன வாரம் வெள்ளெழுத்து என்ற பெயரில் அவள் எழுதினாள், பழக்கிக் கூட்டிவந்தால் அது திறமை இல்லை, மனப்பாடம், பிள்ளைகளை விளையாட விடுங்கள் என்று. எழுதிவிட்டு மகளைக் கூப்பிட்டு, தேர்வுக்குப் பழக்கும் வடிவப் படப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மற்றவர்கள் பழக்காமல் இருக்கட்டும் என்றா எழுதினாள், இல்லையே, நம்பித்தானே எழுதினாள்... நம்பினாள்தானே? பரீட்சை உனக்கா அவளுக்கா என்று கணவன் சிரித்தான். அவனுக்கென்ன, வகுப்பில் மகள் கணக்கை முடித்துவிட்டு மேசைக்கடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடித்துத் துப்புகிறாள், பொத்தான் தைப்பவள் இவள். ஆசிரியை தொல்லை என்கிறாள். இன்னும் ஒரு வருடம் அதே வகுப்பில் இருந்தால் அந்தச் சொல்லைக் குழந்தையே நம்பிவிடும், இந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும்.

இவர்களில் நீலக்குடை யார்? வெளியே நல்ல வெயில், ஒருவரிடமும் குடை இல்லை. பக்கத்து நாற்காலிப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், சாதுவான முகம், அவளுடைய மகள்தான் அடுத்து உள்ளே போகவேண்டியவள். “குழுவுல வெள்ளெழுத்துன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்களே, படிச்சீங்களா? எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. நாங்க ஒண்ணுமே பழக்கலைங்க.” படித்தேன் என்று மட்டும் சொன்னாள், பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். சொல்லிவிடலாமா, சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது, அந்தக் குழந்தை எழுந்து நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறது... ஓட்டுநர் உரிமத்துக்குப் பார்வைச் சான்று கேட்டு அவள் கடைக்கு வருபவர்களில் சிலர் சுவர் அட்டையிலுள்ள எழுத்துகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு வருவார்கள். கண்டுபிடிப்பது சுலபம், கண் அட்டைக்குப் போய்ச் சேரும் முன் வாயிலிருந்து பதில் வந்துவிடும். அவள் எதுவும் சொல்லமாட்டாள், அட்டையை மாற்றுவாள்.

கதவு திறந்தது. தேர்வு நடத்தும் பெண் கையில் படத் தாள்களோடு எட்டிப் பார்த்தாள், எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்றாள், முதலில் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினாள். “இந்தப் படங்களை உங்க பொண்ணு முன்னாடியே...”

“இல்லைங்க.”

கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை. எந்தப் படங்கள் என்றுகூட அந்தப் பெண் பார்க்கவில்லை. அப்படியானால் இவளும் பழக்கியவளா? இவள்தான் நீலக்குடையா, என்னைத் தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னாளா, அந்த முகத்தில் எதுவும் இல்லையே... கேள்வி தன்னிடம் வந்தபோது அவளும் இல்லைங்க என்றாள். அது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். “அம்மா, எல்லாம் நம்ம வீட்டுப் படம்தான்.” நல்ல கணீரென்ற குரல். யாரும் திரும்பவில்லை, அத்தனை தலைகளும் கைப்பேசிக்குள் குனிந்தன. அவள் மகளின் சட்டையைப் பார்த்தாள், பொத்தான்கள் எல்லாம் இருந்தன. நெட்டுருப் போட்டவருக்கு உண்மையில் எவ்வளவு பார்வை என்று அதே அட்டையை வைத்துச் சொல்லவே முடியாது. மகளுக்குத் தானாக எவ்வளவு தெரிந்திருக்கும், இனி அதை எப்படிக் கண்டுபிடிப்பது, தான் மட்டுமாவது தெரிந்து வைத்திருந்திருக்க வேண்டாமா...

புதன்கிழமை பள்ளி அறிவித்தது: படங்கள் முன்பே பலரிடம் இருந்ததால் தேர்வு செல்லாது, ஏப்ரலில் வேறு படங்களை வைத்து மறுபடி நடக்கும். குழுவில் எல்லோரும் வரவேற்று எழுதினார்கள். நீலக்குடை எழுதினாள். வெள்ளெழுத்தும் எழுதினாள்.