அடக்கம் போதாது

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரி சொன்னது. ஒயினை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவள் தொழில். வருஷக்கணக்காகப் புளிப்பில் ஊறிப் பல்லின் மேல்பூச்சு கரைந்துபோயிருந்தது. பச்சைத்தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது என்றாள். பிறகு நான் கேட்காமலேயே மற்றதையும் சொன்னாள். முன்பின் தெரியாதவர்களிடம்தான் சிலதைச் சொல்ல முடிகிறது. நான் எழுதுகிறவன் என்று தெரியாமல் சொன்னது அவள் செய்த ஒரே தப்பு.

[‘ஒரே’ என்பதை அடித்துவிடுகிறேன். ஏனென்று போகப்போகத் தெரியும்.]

2

முதல் வரிக்குப் படாத பாடு பட்டேன்.

‘கண்ணாடிக்குள் மாலைச் சூரியன் கரைந்துகொண்டி—’ வேண்டாம். சூரியன் பாவம், எல்லாருடைய முதல் வரியிலும் உழைத்துக் களைத்துப்போயிருக்கிறது.

‘அவள் நாக்கு பொய் சொல்லாது என்று ஊரே—’ அவள் நாக்கைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா, தங்கை இரண்டு பேர். வீட்டில் கூப்பிட்டபடியே பெரியவள், சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தோடு பெரியவள் மாரடித்தாள். வெளியூருக்குப் படிக்கப் போன சின்னவள் அங்கேயே தங்கி, போட்டிகளுக்கு நடுவராகப் பேர் வாங்கினாள். இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. வேலை, வேலை என்று சின்னவள் தோட்டத்துப் பக்கம் போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெரியவள் முதன்முதலாகத் தன் பேரில் ஒரு சிவப்பு ஒயின் போட்டுப் போட்டிக்கு அனுப்பினாள். தங்கையிடம் மூச்சு விடவில்லை. சின்னவளுக்கு அது மூன்றாம் மனிதர் வாயால்தான் தெரிந்தது. ‘நடுவரே தங்கச்சி, அப்புறம் என்ன கவலை’ என்று அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. தலைமை நடுவரிடம் போய், என் அக்காவின் பாட்டில் வருகிறது, நான் விலகிக்கொள்கிறேன் என்றாள். எல்லாப் பாட்டிலுக்கும் துணி உறை போட்டுத்தானே ஊற்றுகிறோம், பேசாமல் உட்காருங்கள் என்றார் அவர்.

உட்கார்ந்தாள்.

3

வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. சாத்திய ஜன்னல்கள். ருசி பார்த்ததைத் துப்ப ஆளுக்கொரு எச்சில் வாளி, நாக்கைத் துடைக்க உப்பில்லாத ரொட்டித் துண்டு. மூன்று நடுவர்கள்: தலைமை நடுவர், ஹோட்டலுக்கு ஒயின் வாங்குகிற ஒருவர், சின்னவள். அன்றைய வகை, கனத்த, பழவாசனை தூக்கலான சிவப்பு.

(இந்த வகையைத் தொழிலில் ‘துணிச்சலான ஒயின்’ என்பார்களாம். தமிழில் அப்படிச் சொன்னால் ஒயின் யாரையோ அடிக்கக் கிளம்பியதுபோல் இருக்கிறது. ‘வாய் நிறைகிற ஒயின்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதையும் விட்டுவிட்டேன்.)

நான்காவது கண்ணாடியைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். நன்றாகக் கனிந்த பிளம்ஸ், செர்ரி, கொஞ்சம் மிளகு, அடியில் ஈர மண். அது அவள் வீட்டுத் திராட்சைக் கொட்டகையில் அப்பா காலத்தில் அடித்த வாசனை. வாயில் ஊற்றிக்கொண்டாள். பழம் பழமாக நாக்கெல்லாம் பரவி, கடைசியில் துவர்ப்பு வந்து மெத்தென்று கதவைச் சாத்தியது. அன்றைக்கு அந்த மேசையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

இது அக்காவுடையது. இதற்கு முதல் பரிசு கொடுத்தால் என்ன பேசுவார்கள்?

‘பழம் அதிகம், அடக்கம் போதாது’ என்று எழுதி மார்க்கைக் குறைத்தாள். ஹோட்டல்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, இதுதான் முதல் என்று வாதாடினார். சின்னவள் விடவில்லை. பேசத் தெரிந்தவள். இரைச்சல் என்றாள், முதல் வாய்க்கு மயக்கும், அடுத்ததற்குத் திகட்டும் என்றாள். பேசப்பேச அவளுக்கே அது கொஞ்சம் உண்மைபோலப் பட்டது. கடைசியில் அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்.

ஏழாவது கண்ணாடி அவளை ஒன்றும் செய்யவில்லை. சுத்தமான, சுமாரான ஒயின். மனசறிந்து நடுத்தரமான மார்க் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

[இந்த இடத்தில் இவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரு வாரம் எழுதவில்லை. பிறகு, நடுநிலை என்று பேர் வாங்குவதற்காக நான் யார் யாரைக் குறைத்துப் பேசியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன்.]

4

உறைகளைக் கழற்றினார்கள். ஏழாவதுதான் பெரியவளுடையது. நான்காவது கீழே போனதால் ஏழாவதுக்கு மூன்றாம் பரிசு கிடைத்திருந்தது.

நான்காவது யாரோ ஒரு லாரிக்காரருடையது. வண்டி ஓட்டுவதை விட்டபின் சின்னதாக நிலம் வாங்கி, பெரியவள் பழைய கொடிகளைப் பிடுங்கிப் புது ரகம் வைத்தபோது, அந்த அப்பா காலத்துக் கொடிகளை வாங்கிக்கொண்டு போய் நட்டவர். இதெல்லாம் சின்னவளுக்கு அன்று சாயங்காலம் பெரியவள் சொல்லித்தான் தெரிந்தது. அவள்தான் அந்தப் பக்கமே போவதில்லையே.

லாரிக்காரர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார். கோபமெல்லாம் இல்லை.

“குறை என்னன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை திருத்திக்குவேங்க.”

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். ஆனால் பத்தடி தள்ளிப் பெரியவள் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவள், பழம் கொஞ்சம் தூக்கல், இன்னும் சீக்கிரமே பறித்துவிடலாம் என்றாள்.

“அப்படியே செஞ்சிடறேன்மா,” என்றார் அவர். நன்றி வேறு சொன்னார்.

பெரியவள் தங்கையைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“மூக்குல பட்டதுமே என்னோடதுன்னு தெரிஞ்சிருக்குமே உனக்கு?”

“தெரிஞ்சுது,” என்றாள் சின்னவள்.

5

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சின்னவள் தலைமை நடுவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். பதக்கம் கைமாறுகிறது. பெரியவள் பாட்டில்களில் ஒட்டிய பரிசுச் சீட்டை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கிறாள். இதை எழுதினேன். அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

சின்னவள் யாரிடமும் சொல்லாமல், அடிக்கடி அக்கா வீட்டுக்குப் போய்வர ஆரம்பிக்கிறாள், உறவு துளிர்— போதும். லாரிக்காரர் என்ன ஆனார்?

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அடுத்த வருஷம் அவர் காயாகவே பறித்தார். அந்த ஒயின் மேசைக்கு வந்தபோது வெறும் புளிப்பாக இருந்தது. சின்னவள் அதையும் அடையாளம் கண்டாள். தான் சொன்னபடியே செய்திருந்தார், பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியே துப்பினாள். அடக்கம் வேண்டிய மட்டும் இருந்தது.

என்னிடம் இதைச் சொன்ன அன்று, இந்த வருஷத்துப் பழம் இன்னும் கொடியில்தான் இருக்கிறது, நாலைந்து நாளில் பறித்துவிடுவார் என்றாள். அவர் நம்பர் அவளிடம் இருக்கிறது. கூப்பிட்டு, பழுக்க விடுங்கள் என்று மட்டும் சொன்னால் போதும். ஏன் என்று அவர் கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். பதில் சொன்னால் அக்காவின் பதக்கம் போகும். அன்றைய சந்தோஷமும் அதோடு சேர்ந்து போகும்.

அவள் கூப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கதையிலாவது கூப்பிட வைக்கிறேன். மணி அடிக்கிறது. நெடுநேரம் அடிக்கிறது. தோட்டத்திலிருந்து நடந்து வந்து எடுக்கிறார்போல, மூச்சு வாங்குகிறது.

“ஹலோ, யாருங்க?”

இதற்கு மேல் அவளுக்கு வாய் கொடுக்க எனக்கு வரவில்லை. போன் இப்போது உங்கள் கையில். அவர் காத்திருக்கிறார்.