நர்மதா விட்டுப் படித்த நான்கு வரி

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு கடிதம் போகும். ஒரே ஒரு தாள்தான். எழுதுவது நான். பெயர் கமர் நிஷா, தலைமை ஆசிரியை. தலைமை என்றதும் பெரிய படை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இன்னொருவர் வீரராகவன் சார். அவர் வாயைத் திறப்பது பாடம் நடத்தவும் கொட்டாவி விடவும் மட்டும்தான்.

முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். நான் பரீட்சைத் தேதி போட்டால் அதன் தலைமேல் பத்து ரோஜாப்பூவும் காலை வணக்கமும், யாரோ விற்கும் வீட்டுமனை விளம்பரமும் வந்து உட்காரும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒருநாள் குழுவைக் கலைத்துவிட்டுத் தாளுக்கு மாறினேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் முப்பத்தைந்து பிரதி. மூன்றாம் வகுப்புக்கு மேலே இருக்கும் பிள்ளைகள் அதைத் தாங்களே வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். சின்னதுகளுக்கு அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ படிக்கும். கேட்டவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பக்கத்தில் 'வீட்டுச் செய்தி' என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பேன். கடிதத்தை நோட்டில் ஒட்டித் திங்கட்கிழமை கொண்டுவந்தால் சிவப்பு மையில் டிக் அடித்துக் கொடுப்பேன்.

இந்த ஏற்பாட்டில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பிள்ளைக்கு வாசிப்புப் பழக்கமும் ஆயிற்று, பெற்றோருக்குச் சேதியும் ஆயிற்று. வீட்டுச் செய்தியில் ஒருவர் பசு கன்று போட்டதை எழுதுவார். இன்னொருவர் சத்துணவு முட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்று எழுதுவார், முட்டை போடுவது நான்தான் என்பது போல. எல்லாவற்றையும் ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துச் சிரிப்பேன். வீரராகவன் சார் சிரிக்க மாட்டார், ஆனால் காதைக் கொடுப்பார்.

நான்காம் வகுப்பு நர்மதாவின் நோட்டில் மட்டும் அந்த இடத்தில் தெலுங்கு எழுத்து இருக்கும். அவள் அம்மா ரம்யா ஆந்திரப் பக்கம், தடாவில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. அந்த உருண்டை உருண்டை எழுத்தைக் கையெழுத்து என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

"உங்க அம்மா பேரு இன்னாடி, ரயிலு மாதிரி இவ்ளோ நீளம்?" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"அது பேரு இல்ல டீச்சர். இன்னாமோ எழுதுவாங்க."

"சரி சரி, போய் உக்காரு" என்று டிக் அடித்தேன்.

போன கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தபோது, தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்கு வரும் குழாய் மண்ணுக்கடியில் எங்கோ உடைந்துவிட்டது. பிள்ளைகள் தெருக்குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கினார்கள். சரிசெய்ய ஆள் வர இரண்டு வாரமாகும் என்றார்கள். அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நர்மதாவின் அப்பா சரவணகுமார் வண்டியைக் கேட் அருகே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர்.

"புள்ளைங்க வாளி தூக்கிக்கினு போறத பாத்தேன் டீச்சர். கொழா எங்க உட்டிருக்குதுன்னு பாக்கட்டுமா?"

"டூட்டி இல்லியாப்பா?"

"ஷிஃப்டு மாத்திட்டாங்க."

மூன்று நாள் வந்தார். தோண்டினார், அறுத்தார், ஒட்டினார், மூடினார். மதியம் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டார். வியாழக்கிழமை தண்ணீர் வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குக் கடுதாசியில உம் பேரப் போட்டுடறேன்" என்றேன்.

"பேர்லாம் வேணாம் டீச்சர்."

"ஏன், போட்டா தேஞ்சிடுமா?"

அவர் இன்னொரு முறையும் வேண்டாம் என்றார். அடக்கம் என்று நினைத்தேன். பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பெண்கள். ஒரே நேரத்தில் ஆறு பேரும் பேசுவோம், யார் குரல் பெரிதோ அவள் பேச்சுதான் எடுபடும். அந்தப் பழக்கத்தில் எனக்கு நன்றியைக்கூட மெதுவாகச் சொல்லத் தெரியாது. நான்கு வரி எழுதினேன்:

'நான்காம் வகுப்பு நர்மதாவின் தந்தை திரு. சரவணகுமார் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை முதல் மாலை வரை பள்ளியிலேயே இருந்து, உடைந்த குழாயைச் சரிசெய்து கொடுத்தார். அவருக்குப் பள்ளியின் மனமார்ந்த நன்றி. இப்படி ஒரு தந்தையைப் பெற்ற நர்மதாவுக்கும் வாழ்த்து.'

திங்கட்கிழமை நோட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் டிக் அடித்தேன். பிறகு வழக்கம்போல் ஒரு பிள்ளையை எழுப்பிக் கடிதத்தை வகுப்பில் படிக்கச் சொன்னேன். இந்த வாரம் யார் என்பதில் சந்தேகமே இல்லை. நர்மதா எழுந்து கணீரென்று படித்தாள். அந்த வாரச் சத்துணவு முட்டைச் செய்தி முடிந்தது. அடுத்து குழாய்ச் செய்தி வர வேண்டும். அவளோ, கொஞ்சமும் தடுமாறாமல், அரையாண்டுத் தேர்வுக்குப் போய்விட்டாள்.

"டீச்சர், அவ உட்டுட்டா! அவங்க அப்பாவ உட்டுட்டா!" என்று வகுப்பே கத்தியது.

"ஏண்டி, பெத்த அப்பன் பேரப் படிக்கக் கசக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மதியம் தனியாக அழைத்துக் கேட்டேன். முதலில் நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் மூச்சுவிடாமல் சொன்னாள். தீபாவளி முடிந்ததுமே அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாது. தினமும் டிபன் டப்பா வாங்கிக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பி, ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பார். குழாய் பார்க்க வந்த அன்று அவளிடம் அம்மாவுக்குச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார்.

"வேற வேல கெடைச்சதும் தானே சொல்றேன்னாரு டீச்சர். நான் ஊட்டுலயும் அந்த நாலு வரி படிக்கல. நீங்களும் சொல்லாதீங்க, அம்மா பேஜாராயிடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற வீடுகளிலெல்லாம் சத்தமாகப் படித்துவிட்டார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் ஒன்பது வயதுப் பிள்ளை அதை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பெரிய வாயை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இது. அந்த மனிதர் இரண்டு முறை வேண்டாம் என்றாரே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் பிரார்த்தனை முடிந்து மணி அடிக்கும்போது ரம்யா வந்து நின்றாள். இறால் கம்பெனி வேலைக்குப் போகிறவள், பள்ளிக்கு வருவதே அபூர்வம். கையில் நர்மதாவின் நோட்டு இருந்தது.

"உக்காரும்மா. இன்னா சேதி?"

"அத நான் கேக்கணும் டீச்சர்." குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். "நான் ஒண்ணு கேட்டு அனுப்பினேன். நீங்க டிக் போட்டு அனுப்பிட்டீங்க."

"நீ கேட்டியா? எப்போ?"

அவள் தெலுங்கு எழுத்தின்மேல் விரலை வைத்தாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்த வீரராகவன் சாரைக் கூப்பிட்டேன். அவர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். படிக்கவும் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்: "'முட்டைக்கு அப்புறம் நர்மதாவின் விரல் நான்கு வரி தாண்டிப் போனது. அந்த வரியில் என்ன இருக்கிறது? தயவுசெய்து சொல்லுங்கள்.'"

அதன் ஓரத்தில்தான் என் சிவப்பு டிக் பளிச்சென்று இருந்தது.

சார் முன்பக்கங்களைப் புரட்டினார். நான் கேட்காமலே படித்தார். 'காய்ச்சலுக்குப் பிறகு நர்மதா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் சாப்பிடுகிறாளா?' டிக். 'அவள் அப்பாவின் சாப்பாடு சில நாள் அப்படியே திரும்பி வருகிறது. பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னாளா?' டிக். போன வருஷத்துப் பக்கம் ஒன்று: 'நான் பத்தாம் வகுப்புப் படித்தவள். தெலுங்குக் கதை சொல்ல ஆள் வேண்டுமென்றால் விடுமுறை நாளில் வருகிறேன்.' அதற்கும் டிக்.

"ஏன் சார், ஒருநாளாவது எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"நீங்க ஒருநாளாவது காட்டினீங்களா மேடம்?" என்றார்.

வாராவாரம் ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, ஒன்றரை வருஷமாக ஒருத்தி எனக்கு எழுதிக்கொண்டிருந்ததை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன். "தப்பு எம்மேலதான் ரம்யா. கையெழுத்துன்னு நெனச்சிட்டேன்."

"பரவால்ல டீச்சர். இந்தப் பக்கம் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியுமே, யாராச்சும் படிப்பாங்கன்னு எழுதினேன். வாயால கேக்க வெக்கமா இருந்திச்சி." அவள் கடிதத்தை என் பக்கம் திருப்பினாள். "இப்ப அந்த நாலு வரியப் படிங்க."

நர்மதாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் கேட்கிறவள் அவள் அம்மா, கேட்பது அவள் வீட்டுக்கு நானே அனுப்பிய கடிதம். படித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக எதையும் படித்ததில்லை.

"செவ்வா, பொதன், வியாழன்" என்று ரம்யா விரல் விட்டு எண்ணினாள். "காலையிலேர்ந்து. அப்ப கம்பெனி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

"வேல போயிடிச்சா? அவ்ளோதானா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊட்ல ஒரு பேச்சு இல்ல, சோறு எறங்கல, ராத்திரி தூக்கம் இல்ல. ஒடம்புல ஏதோ பெரிய நோவு, எங்கிட்ட மறைக்கிறாருன்னு நெனச்சி நெனச்சி நான் பாதி செத்துட்டேன் டீச்சர். வேல தானே போச்சி. ஆளு நல்லாக்கீறாரு இல்ல?"

"நல்லாதான் இருக்காரு. மூணு நாளும் கடப்பாரையும் கையுமா நின்னாரு."

"சாப்புட்டாரா?"

"புள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டாரு. சாம்பார் ரெண்டு வாட்டி ஊத்திக்கினாரு."

அதற்குத்தான் அவள் அழுதாள். வேலை போனதற்கு அழாதவள், சாம்பாருக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வீரராகவன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்மதாவைக் கூப்பிடச் சொன்னாள். பிள்ளை கதவருகே வந்து, மேசைமேல் இருந்த நோட்டையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்த பார்வையை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன். வாக்குக் கொடுத்தவள் நான்.

ரம்யா திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்து மடியோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள். "நைனா சொன்னத காப்பாத்தினே. சரி. எத்தினி நாளு தனியா வெச்சிக்கினு இருந்தே?"

"அவுரு கொழா பாக்க வந்ததுலேர்ந்து. மத்த நாளுல்லாம் ஸ்டேஷன்ல போயி உக்காந்திருப்பாராம்" என்றாள் நர்மதா, கேட்டும் கேட்காத குரலில்.

"போதும். இனிமே அது உன் வேல இல்ல, என் வேல." நோட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். "சாயந்தரம் நைனா வந்ததும் இந்தக் கடுதாசிய அவருக்குப் படிச்சிக் காட்டு. டீச்சர் நன்றி சொல்லிக்கீறாங்க, அவருக்குத் தெரிய வேணாமா? ஒரு வரி உடாம படி. நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருப்பேன்."

நர்மதா நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"நைனா அழுதாருன்னா?"

"அழுவட்டும்" என்றாள் ரம்யா. "ஸ்டேஷன்ல ஒண்டியா உக்காந்து அழுவறதுக்கு, நம்ம ஊட்ல அழுவட்டும்."