சிலம்பனைக் கூப்பிட்ட இருவர்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தை வைத்து நான் பார்க்கும் வேலை, மழைக்காட்டில் நின்று ஸ்பீக்கரில் குருவிக் குரல் போடுவது. நான் தேடும் செந்தலைச் சிலம்பன் குருவி உள்ளங்கை அளவுதான் இருக்கும். புதருக்குள்ளேயே பூச்சி தின்று புதருக்குள்ளேயே பாடும், முகம் காட்டாது. ஆனால் அதன் குரலைப் போட்டால், தன் இடத்தில் எவன் நுழைந்தான் என்று கோபத்தில் பதிலுக்குப் பாடும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும்.

இந்த மாதத்துக்குள் ஒன்றாவது தட்டுப்படாவிட்டால் இந்தக் குருவிக் கணக்கெடுப்பையே மூடிவிடுவார்கள். அப்புறம் எனக்கு மாமாவின் துணிக்கடைக் கல்லாதான்.

"பட்டம் வாங்கினவளுக்குக் குருவிகூட பதில் சொல்ல மாட்டேங்குது," என்று அம்மா தினமும் போனில் சிரிப்பாள்.

அன்று காலை பதில் வந்தது. நான் போட்டேன், சரிவின் கீழிருந்து அது பாடியது. மறுபடி போட்டேன், மறுபடி பாடியது. அட்டைக்கடியை மறந்து தவழ்ந்து போய்ப் புதரை விலக்கினேன். எதிரே, அதே மாதிரி தவழ்ந்தபடி, கூட வேலை செய்யும் பையன்; கண்ணாடி போட்டதால் எங்களுக்கு அவன் பெயரே கண்ணாடி. அவன் கையிலும் ஸ்பீக்கர்.

"நீயா பாடின?" என்றான்.

"உன் இடம் ஓடைக்கு அந்தப் பக்கம்தானே? இங்க என்ன வேலை?"

"அங்க அட்டை ஜாஸ்தி."

"பெரிய ஆராய்ச்சியாளர்."

"குருவி கெடச்சிடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். வந்துட்டிருக்காரு." குரலைத் தாழ்த்தினான். "பேசாம இரு. ரெண்டு பேர் வேலையும் தப்பிச்சிடும்."

மாமா கடைக் கல்லா கண்முன் வந்து நின்றது. ஆனால் இவன் ஸ்பீக்கரைக் குருவி என்று எழுதத்தானா படித்தேன்? குழுத் தலைவர் சார் மூச்சு வாங்க வந்து நின்றதும் சொல்லிவிட்டேன்.

"சார், குருவி இல்ல. இவன்தான்."

சார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அப்போ காலையிலேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"போட்டுக் குடுத்துட்டியே," என்று கண்ணாடி எகிற, நான் பதிலுக்கு எகிற, மிதித்த மிதியில் சருகெல்லாம் கலைந்து பூச்சிகள் சிதறின. சார் சட்டென்று கையை உயர்த்தினார்.

என் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு செந்தலைச் சிலம்பன் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. சார் படம் எடுத்து முடிக்கும்வரை தின்றது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்விட்டது.

சாயங்காலம் அம்மாவிடம், வேலை தொடரும் என்று சொன்னேன்.

"பாடுச்சா?"

"எங்க? வாயே தொறக்கல. நாங்க சண்ட போடுறப்ப நடுவுல வந்து சாப்பிட்டுட்டுப் போயிடுச்சு."

"உங்கப்பா மாதிரின்னு சொல்லு," என்றாள் அம்மா.