பதினொன்றாம் கேள்வி

மகளின் கோடை முகாம் விண்ணப்பத்தை, பழுது பார்க்கப் போன இடத்தில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டே நிரப்பினேன். அன்றுதான் கடைசி நாள். இரத்த வகை, ஒவ்வாமை, கைபேசி எண் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். பதினொன்றாம் கேள்வியில்தான் பேனா நின்றது. ‘குழந்தை அழுதால் எப்படிச் சமாதானப்படுத்துவீர்கள்?’

எனக்குத் தெரியவில்லை. ஏழு வயது மகள் அழுதால் வீட்டில் அது அவள் அம்மாவின் இலாகா. நான் கதவைச் சாத்திக்கொள்வேன். மனைவியை அழைத்துக் கேட்டிருக்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, பெரிய மனோதத்துவ நிபுணன் மாதிரி எழுதினேன்: ‘கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கிவிடுவாள்.’

முகாமின் இரண்டு வாரமும் மனைவிதான் கொண்டுபோய் விட்டாள், அழைத்துவந்தாள். கடைசி நாள் அவளுக்கு வேலை. நான் போனேன். கூடத்தில் பிள்ளைகள் தாங்கள் செய்த களிமண் பொம்மைகளோடு அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகளைக் காணவில்லை.

"பொம்மை கீழ விழுந்து உடைஞ்சிருச்சு சார். அழுதுட்டு வந்துருவா" என்றார் டீச்சர். நல்ல பெண், முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க எழுதினது அப்படியே சரியா இருந்துச்சு. மத்த பிள்ளைங்களை மடியில வச்சுத் தட்டிக் குடுக்கணும். உங்க பொண்ணால தொந்தரவே இல்ல. முதல் ரெண்டு நாள் நாங்க கொண்டுபோய் உக்கார வச்சோம். அப்புறம் அழுகை வந்தா அவளே எந்திரிச்சுப் போயிடுவா."

"எங்க?"

கையைக் காட்டினார். செருப்பு அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஒரு சின்ன நாற்காலி. அதில் என் மகளின் முதுகு.

லிஃப்டில் யாராவது சிக்கிக்கொண்டால் அவர்களிடம் பேச்சை நிறுத்தவே கூடாது. எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான். கதவு திறக்கும்வரை, முன்பின் தெரியாத மனிதர்களிடம் மழையைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். இதை என் மகளுக்காக அந்த விண்ணப்பத்தில் எழுத எனக்குத் தோன்றவில்லையே.

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மடியில் களிமண் யானை, தும்பிக்கை தனியாக. அவள் திரும்பவில்லை.

"அப்பா வந்துட்டேன்டா."

"இன்னும் அழுது முடியலப்பா."

"பரவால்ல. நான் இங்கயே இருக்கேன்."

"வேணாம்" என்றாள். கோபமே இல்லை. வழி தெரியாதவனுக்குச் சொல்கிற பொறுமைதான் இருந்தது. "யாராச்சும் பாத்தா சீக்கிரம் முடியாது. நீ வெளியில இரு. முடிஞ்சதும் நானே வரேன்."

முதுகில் கை வைத்தேன். வைத்த இடம் விறைத்துக்கொண்டது. எடுத்துவிட்டேன்.

அலமாரியின் இந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிச்சம். ஒன்றின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. என்றைக்கு அறுந்ததோ. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் விசும்பல் கொஞ்சம் கொஞ்சமாக, தானே அடங்கிக்கொண்டிருந்தது.