குடுவையில் வளர்ந்த கூந்தல்

1986ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுவாரம், ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீடொன்றில் பாக்கியலட்சுமிக்கு ஒரு பெண் பிறந்தாள். வேராக வளர்ந்து, கண்ணாடிக் குடுவையிலிருந்து பிறந்தாள். அந்த வாரம் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் விலை ஏறியிருந்தது. இரண்டைப் பற்றியும் ஜனங்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான் பேசினார்கள்.

தொடங்கியது அந்த வருடத் தைப்பூசத்தில். கல்யாணமாகிப் பதினோரு வருடமாகப் பிள்ளையில்லாத பாக்கியலட்சுமி, தேர் வரும் சாலையில் கூடை நிறையத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள். ஒவ்வொன்றையும் கழுவி, மஞ்சள் பூசி, வயிற்றோடு அணைத்து, பிள்ளை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி அடுக்கினாள். எதிர்வீட்டு சிலுவைராஜ் கூடையைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். மூலிகைச் செடிகளின் துணுக்குகளைக் குடுவையில் வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். சர்க்கரையும் உப்புகளும் தேங்காய்த் தண்ணீரும் கலந்த கரைசல்தான் அந்தத் துணுக்குகளுக்குச் சாப்பாடு. அன்று ஆய்வுக்கூடத்துக்குத் தேங்காய்க்காரர் வரவில்லை. சிலுவைராஜ் கூடையிலிருந்ததை உடைத்துத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு, தேக்காவில் அதே எண்ணிக்கைக்கு வேறு தேங்காய் வாங்கி, மஞ்சளும் பூசி, தேர்ச்சாலையில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத நல்ல மனிதர். நேர்ந்த தேங்காய் சொன்ன சொல்லை உள்ளே வைத்துக்கொள்ளும் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஹலீமா, நித்தியகல்யாணி இலைகளைக் கீறி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தொற்றவைத்தார். அது தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் நுழைத்துவிடும். செடியும் குணம் மாறி முடிமுடியாக வேர்விடும். அந்த வேரிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கலாம் என்பது அவர் திட்டம். வேர் வந்தது. ஒரு குடுவையில் மட்டும் கறுப்பாக, சுருள் சுருளாக வந்தது. மார்ச்சில் அதற்குச் சீப்பு தேவைப்பட்டது. ஏப்ரலில் குடுவைக்குள்ளிருந்து உதைத்தது. ஆய்வுக்கூடத்தில் ஆண்பெண் எல்லோருக்கும் காலையில் குமட்டியது. காவலர் முத்துசாமி வேலையை விட்டுவிட்டு மாங்காய் தேடிப் போனார். ஹலீமா சோதனையை மறுபடி செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை.

சிலுவைராஜ் காரிடாரில் வந்து நின்றார். "தங்கச்சி, உன் தேங்காயை லேப்ல உடைச்சிட்டேன். இப்ப அங்க ஒண்ணு உதைக்குது."

பாக்கியலட்சுமி செருப்பைத் தேடினாள். பஸ் ஓட்டுநரான அவள் கணவன் அண்ணாதுரைதான் கேட்டான்: "முடி எப்படி?"

"சுருட்டை, மச்சான். முன்நெத்தியில கொஞ்சம் கம்மி."

"அப்ப என் பிள்ளைதான் லா!"

அண்ணாதுரை இன்று இல்லை. அன்று அவன் ஆடிய ஆட்டத்தில் காரிடார் தரை சாயங்காலம் வரை சுட்டது.

மற்றக் குடுவைகளின் வேர்கள் மருந்துக்குப் போயின. அதை மட்டும் யாரும் தொடவில்லை. பெற்றவளும் தொட முடியாது. ஒரு மூச்சு உள்ளே போனால் பூஞ்சை பிடித்து எல்லாம் கெட்டுவிடும். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பாக்கியலட்சுமி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து சொந்தக்காரர் எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். அண்ணாதுரை கண்ணாடிக்கு முத்தம் கொடுப்பான். சிலுவைராஜ் ஸ்பிரிட்டால் துடைப்பார். "ஆளுக்கொரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கித் தாங்க மச்சான், என்னால முடியல."

செப்டம்பரில் விரல்கள் தெரிந்தன, அக்டோபரில் மூக்கு. இனிமேல்தான் கண்டம் என்றார் ஹலீமா. குடுவைக்குள் ஈரத்தில் வளர்ந்தது வெளிக்காற்றுப் பட்டால் வாடிவிடும்.

"பாதிதான் பிழைக்கும்மா. அவசரப்பட்டா அதுவும் இல்ல."

"பதினோரு வருஷம் காத்திருந்துட்டேன், டாக்டர். மூடி திறக்கவா அவசரப்படப் போறேன்?"

குடுவையை மடியில் வைத்து வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் தாளால் கூடாரம் கட்டி, நீர் தெளித்து, தினமும் மூடியை ஒரு நெல்லளவு திருகினாள். மாடி முழுதும் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்தது. மிளகாய் யாரும் வறுக்கவில்லை. ஒருநாள் குழந்தையின் உதட்டோரம் பழுப்பேறியது. மூடியை மறுபடி இறுக்கிவிட்டு, நிறம் திரும்பும் வரை அவள் சோறு தொடவில்லை. பிறகு ஒரு காலை, திருகுவதற்கு முன்பே மூடி தானாகக் கழன்றது. குழந்தை வெளியே வந்து காற்றை இழுத்தது, வெளுத்தது, கொஞ்சம் யோசித்தது, தும்மியது, வீறிட்டது. பாக்கியலட்சுமி முதல் முறையாக அதை முத்தமிட்டாள். எதிர்க்கட்டடத்துக்காரர்கள் துணி காயப்போட்ட மூங்கில் கம்புகளைக் கொடிபோல் ஆட்டினார்கள். ஒரு சட்டை பறந்து ஜாலான் புசாரில் போய் விழுந்ததாகக் கேள்வி.

அடுத்த வாரம், பட்டப்பகலில், கீழ்வீட்டு ஜலாலுதீன் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தான்.

"அக்கா! பிள்ளைக்குப் பாலைக் குடுங்க லா! தூங்க முடியல!"

"பாலுக்கு அழல தம்பி, வெயில் கேட்டு அழுவுது! இதோ, காரிடாருக்குத் தூக்கிட்டுப் போறேன்!"

"சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க லா," என்று சொல்லிவிட்டு, அவன் திரும்பிப் படுத்துத் தூங்கினான்.