சுவரில் இரண்டு உள்ளங்கைகள்

நாலாவது முறையாகப் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை பூசினான் பெயின்டர். அடுத்தவர் வீட்டுச் சுவர்களெல்லாம் அவன் சொன்னபடி கேட்கும்; சொந்த வீட்டுச் சுவர்தான் கேட்கவில்லை. மூன்றே நாளில், அதே இடத்தில், தோள் உயரத்தில், விரல் விரித்த இரண்டு உள்ளங்கைகள் பழுப்பாகத் தெரிந்தன.

"உன் வீட்டுச் சுவத்துக்குக் கை முளைக்குதாப்பா?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் பிற்பகல் மூன்று பத்துக்கு அவன் மனைவி எழுந்து போய் அந்தச் சுவரைத் தள்ளுவாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. வியர்வை வழியும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. தையல் ஆலை தீப்பிடித்து, பூட்டிய கதவுக்குள் அவள் மாட்டிக்கொண்ட நேரம் அது. ஆறு மாதமாகிறது. அந்தக் கைகள் இன்னும் குழந்தையைத் தூக்கவில்லை. குழந்தையும் மூன்று மணியானால் கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும்.

"அதான் தப்பிச்சுட்டியேடி, மறந்து தொலையேன்," என்பான் அவன். தெருவில் ஓடிவிடுவாளோ என்று வாசல் கதவைப் பூட்டியும் வைத்தான்.

அவள் தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ அம்மா, அன்று அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆலையில கதவை உடைச்சப்ப இவங்களுக்கு நினைவு இருந்துச்சா?"

"இல்லைங்க. மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்தாங்க."

"அப்போ வெளிய வந்தது இவங்க உடம்புக்குத் தெரியவே தெரியாது. அது இன்னும் உள்ளதான் நிக்குது. நீங்களும் பூட்டி வச்சிருக்கீங்க."

அவன் திரும்பிப் பூட்டைப் பார்த்தான்.

மூன்று பத்து. அவள் எழுந்தாள். அவன் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, கதவை விரியத் தள்ளிவிட்டு, சுவருக்கு முன்னால் வந்து நின்றான். அவன் உள்ளங்கைகளில் அவள் உள்ளங்கைகள் பதிந்தன. அடுப்பில் கிடந்த தகடுபோல் கொதித்தன.

"தள்ளுங்கம்மா. இந்தத் தடவை கதவு திறக்கும்," என்றார் பிசியோ அம்மா.

அவள் தள்ளினாள். அவன் அடியடியாக வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தான். வாசலைத் தாண்டியதும் அவளுக்குள்ளிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. அது அவள் குரலாகவே இல்லை. உடம்பெல்லாம் நடுங்க, படியில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து, "வெயிலடிக்குது," என்றாள். பிறகு, "பாப்பா எங்க?"

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. தினமும் தள்ளினாள், தினமும் அவள் கைகளைத் தாங்கியபடி அவன் பின்னோக்கி நடந்தான். சுவரில் கைத்தடம் வெளிறிக்கொண்டே வந்தது. அவன் அதன்மேல் வெள்ளை பூசவில்லை.

"இன்னுமா மறக்கல உன் பொண்டாட்டி?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மறந்துடுன்னு வாயால சொன்னா உடம்புக்குக் கேக்காதுக்கா," என்றான் அவன். "தப்பிச்சாச்சுன்னு அதுவே உணரணும். அதுவரைக்கும் கதவைத் திறந்து வச்சுட்டு நாமதான் கூட நிக்கணும்."