கண்ணை மூடுங்க அத்தான்

அத்தான் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். நரம்பு நோய் வந்து முதலில் கை கால் விழுந்தது, அப்புறம் பேச்சும் போயிற்று. மிச்சமிருந்தது கண் மட்டும்தான். அந்தக் கண்ணை நம்பித்தான், சக்கர நாற்காலி செய்யும் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்த அவருடைய மச்சினி ஒன்றரை வருஷமாக ஒரு நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கும் பக்கம் அது நகரும். இரண்டு விநாடி கண்ணை மூடினால் நின்றுவிடும்.

அன்று கடைசி ஒத்திகை. மறுநாள் ஒரு மருத்துவமனையிலிருந்து ஆட்கள் நாற்காலியைப் பார்க்க வருவதாக இருந்தது. மேனேஜர் காலையிலிருந்து அவளை உட்காரவிடவில்லை. அந்த அவசரத்தில், தூரத்திலிருந்தே நாற்காலியை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அவள் சோதித்துப் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் மூன்றாவது மாடி நடைபாதையில் அத்தான் கிளம்பினார். அக்கா கூடவே நடந்தாள்.

"மெதுவாப் போகச் சொல்லுடி. வண்டின்னா இவருக்குத் தலைகால் புரியாது."

பாதி தூரம் பிசகில்லாமல் போனது. அப்போது இடதுபக்கம் மாடிப்படியில் யாரோ வைத்திருந்த வாளி உருண்டு, தடதடவென்று கீழே இறங்கியது. சத்தம் கேட்டால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? அத்தானும் பார்த்தார். நாற்காலி படியை நோக்கித் திரும்பியது.

அவள் பட்டனை அமுக்கினாள். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ம்ஹூம்.

அக்கா பாய்ந்து பின்பக்கத்தைப் பிடித்தாள். மோட்டார் அவளையும் சேர்த்து இழுத்தது. அத்தானின் கண் அந்தப் படிகளைவிட்டு அகலவில்லை. பயந்த கண் பயந்த இடத்தில்தான் ஒட்டிக்கொள்ளும் என்பது பட்டனோடு நின்ற தங்கைக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

"கண்ணை மூடுங்க அத்தான்!"

வண்டியில் உட்கார்ந்து ஒருநாளும் கண்ணயராத மனுஷன். முன்னால் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அவர் மூடினார். ஒன்று... இரண்டு... முன்சக்கரம் படியின் விளிம்பைத் தொட்டு நின்றது.

அறைக்குத் திரும்பியதும் அக்கா நாற்காலிக்கு முன்னால் வந்து மறித்து நின்றாள். "போதும்டி உன் ஆராய்ச்சி. இவரை விட்டுடு." பட்டனுக்குள் ஒயர் கழன்றிருந்ததைத் தங்கை அதற்குள் கண்டுபிடித்திருந்தாள்.

அத்தான் எதிரிலிருந்த திரையில் கண்ணால் எழுத்து எழுத்தாகத் தொட்டார். ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் இயந்திரக் குரல் வாசித்தது:

"இன்ஜினியரம்மா, லாரியில காலை எடுத்தா வேகம் குறையும். இதுல கண்ணை எடுத்தா நிக்கணும். மாத்திக் குடு, நான் ஓட்டறேன்."

அவள் நேரே மேனேஜரிடம் போனாள். "நாளைக்குக் காட்ட முடியாது சார். தப்பு என்னுது. ஆனா இதை இப்படியே யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்." அவர் கத்தித் தீர்த்தார். அவள் அசையவில்லை.

நான்கு மாதம் ஆயிற்று. இப்போது நாற்காலியில் பொருத்திய திரையிலுள்ள அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நாற்காலி நகரும். பார்வை விலகினால் அந்த இடத்திலேயே நிற்கும்.

சோதனையெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், அக்கா குளித்துவிட்டு வந்து பார்த்தால் அறை காலி. பதறிப்போய் வாசலுக்கு ஓடினாள். அத்தான் கேட் ஓரம் நின்று, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று சண்டைக்குப் போனவள், அவர் பார்வை போன பக்கம் திரும்பி, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.